கார்டு இருக்கிறது, பிள்ளையின் பெயர் அதில் இருக்கிறதா?

எங்கள் தெருமுனையில் பூக்கட்டி விற்கும் அக்கா ஒருநாள் ராத்திரி ஒன்பதரைக்குப் போன் செய்தார். "தம்பி, கார்டுதான் இருக்கே, அப்புறம் எதுக்கு முப்பதாயிரம் கட்டச் சொல்றாங்க?"

மகள் வயிற்றுப் பேரனுக்கு மூன்று வயது. இதயத்தில் ஓட்டை இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பதறிப்போய் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கக் கொண்டுபோயிருக்கிறார்கள். கார்டு என்று அக்கா சொன்னது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை. அது அவர் மடியில் இருந்தது உண்மை, அதில் ஐந்து லட்சம் வரை உண்டு என்று அவர் கேள்விப்பட்டிருந்ததும் உண்மை. ஆனாலும் அன்றைக்கு அது ஒரு ரூபாய்க்கும் உதவவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. இரண்டையுமே அதுவரை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான் அரசு ஊழியன் இல்லை, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டும் இல்லை. தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். படிவம் நிரப்பிக் கொடுப்பது கடையோடு ஒட்டிக்கொண்ட வேலை. இந்த அட்டையைப் பற்றி ஒரு நாளைக்கு நாலு பேராவது கேட்கிறார்கள், நாலு பேரும் நாலு விதமாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். "அஞ்சு லட்சம் கையில தருவாங்களாமே" என்பவர் ஒருவர், "எந்த ஆஸ்பத்திரியும் ஏத்துக்காது, சும்மா போட்டோவுக்கு" என்பவர் இன்னொருவர். ரெண்டுமே தப்பு. பிள்ளைகளுக்கு இந்தத் திட்டத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் இங்கே முதலிலிருந்து சொல்லப்போகிறேன்.

இது சீட்டும் இல்லை, மொய்யும் இல்லை

நம் ஆட்களுக்குப் பணம் போட்டு வாங்கும் ஏற்பாடு என்றால் இரண்டுதான் தெரியும். ஒன்று சீட்டு: மாதாமாதம் கட்டினால் ஒருநாள் மொத்தமாகக் கையில் வரும். இன்னொன்று மொய்: இன்றைக்கு நான் வைத்தது நாளைக்கு என் வீட்டு விசேஷத்தில் திரும்பும். காப்பீட்டையும் இந்தக் கணக்கில் போட்டுப் பார்ப்பதால்தான் "எனக்கு வர வேண்டிய அஞ்சு லட்சம் எங்கே" என்ற கேள்வி வருகிறது.

காப்பீடு வேறு மாதிரி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இலவச பஸ் பாஸை நினைத்துக்கொள்ளுங்கள். பாஸில் பணம் இல்லை, கடையில் நீட்டினால் மிட்டாய் தரமாட்டார்கள். ஆனால் அரசு பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் காசு உங்களிடம் கேட்கமாட்டார்கள், அந்தக் காசை அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்குத் தனியாகக் கொடுத்துக்கொள்ளும். ஆம்னி பஸ்ஸில் அந்தப் பாஸ் செல்லாது. பாஸில் இருக்கும் போட்டோ உங்கள் பையனுடையது என்றால் தம்பி அதை வைத்துப் போக முடியாது.

காப்பீட்டு அட்டையும் அப்படித்தான். அரசாங்கம் உங்கள் குடும்பத்துக்காக ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிறது. அந்தத் தொகைக்குத்தான் பிரீமியம் என்று பெயர். உங்கள் பிள்ளைக்குத் திட்டத்தில் உள்ள ஒரு சிகிச்சை தேவைப்பட்டால் அந்த நிறுவனம் மருத்துவமனைக்கு நேராகக் கொடுக்கும். உங்கள் கைக்கு எதுவும் வராது, உங்கள் கையிலிருந்தும் எதுவும் போகக் கூடாது. நீங்களே கட்டிவிட்டு பில்லை வைத்துப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே கிடையாது. முப்பதாயிரத்தைக் கட்டினால் அது போனதுதான், அதனால்தான் அக்காவிடம் "கட்டாதீங்கக்கா, முதல்ல பையன் மூச்சு எப்படி இருக்குன்னு டாக்டர்கிட்ட கேளுங்க" என்றேன். அவசரம் இல்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பெயர்க் குழப்பம்

கடைக்கு வருபவர்கள் இதைக் கலைஞர் காப்பீடு என்கிறார்கள், அம்மா காப்பீடு என்கிறார்கள், மோடி கார்டு என்றும் கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கியது. 2012 ஜனவரி 11 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று புதிதாக வந்தது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்தபோது தமிழ்நாட்டில் இதோடு சேர்த்து நடத்தத் தொடங்கினார்கள். 2009இல் கொடுத்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன், அது இனி நினைவுப்பொருள்தான்.

2022 ஜனவரியில் திட்டத்தைப் புதுப்பித்தபோது வருமான வரம்பை ஆண்டுக்கு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதாவது குடும்பத்துக்கு மாதம் பத்தாயிரம் வரை. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பு கிடையாது.

ஐந்து லட்சம் என்பது மாடித் தொட்டி

"எனக்கு மூணு பிள்ளைங்க, அப்போ பதினஞ்சு லட்சமா?" என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். பதில்: இல்லை. ஐந்து லட்சம் ஒரு குடும்பத்துக்கு, ஓர் ஆண்டுக்கு. மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, வீட்டில் யார் குழாயைத் திறந்தாலும் அதே தொட்டியிலிருந்துதான் வரும், ஒருவரே பெரும்பகுதியைத் திறந்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஆண்டு மிச்சம்தான். அடுத்த ஆண்டு தொட்டி மறுபடி நிரம்பும். மிச்சமிருந்தது சேர்ந்துகொண்டே போகாது.

இந்தக் குடும்பம் என்பதில் யார் யார்? நம் வீட்டில் குடும்பம் என்றால் சித்தப்பா வரை வரும். திட்டத்தில் அப்படி இல்லை. அட்டைக்கு உரியவர், அவருடைய கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மா, அவ்வளவுதான். பிள்ளைகள் என்றால் வேலைக்குப் போகும்வரை அல்லது கல்யாணம் ஆகும்வரை அல்லது 25 வயது ஆகும்வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை.

பேரன் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அக்காவின் முதல் சிக்கல் இதுதான். பாட்டியின் அட்டை பேரனுக்குச் செல்லாது.

பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2008இல் மத்திய அரசு கொண்டுவந்த பழைய திட்டத்தில் ஒரு குடும்பத்தில் ஐந்து பேருக்குத்தான் இடம், தொகையும் 30,000 ரூபாய்தான். ஐந்துக்கு மேல் ஆள் இருந்த வீடுகளில் யாரை விடுவது என்று அவர்களே முடிவு செய்ய வேண்டியிருந்தது. பிள்ளைகளில் யாரை விட்டிருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். ஆயுஷ்மான் பாரத்தில் இத்தனை தலைதான் என்ற அந்த வரம்பு நீக்கப்பட்டது.

இதுவரை சொன்னது: அட்டை பணம் இல்லை, பாஸ். ஐந்து லட்சம் குடும்பத்துக்கு மொத்தமாக, ஓர் ஆண்டுக்கு. பாட்டி, மாமா, பெரியம்மாவின் அட்டையில் பிள்ளைக்கு எதுவும் கிடைக்காது.

எந்த ஆஸ்பத்திரி, எந்த வியாதி

பஸ் பாஸ் ஆம்னி பஸ்ஸில் செல்லாது என்றேன் அல்லவா, அதற்கு இங்கே வருவோம். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளின் பட்டியல் ஒன்று உண்டு. அரசு மருத்துவமனைகளும் உண்டு, தனியாரும் உண்டு. ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், தனியார் மருத்துவமனை மொத்தமாகச் சேர்வதில்லை, பிரிவு பிரிவாகச் சேர்கிறது. எலும்பு முறிவுக்குச் சேர்ந்திருக்கும், குழந்தைகளின் இதய அறுவைக்குச் சேர்ந்திருக்காது. வாசலில் திட்டத்தின் போர்டு தொங்கும். அக்கா போன இடத்தில் நடந்தது இதுதான். போர்டு பொய் இல்லை, ஆனால் அவர் பேரனுக்கான போர்டு இல்லை. இரண்டாவது காரணம் இது.

ஆகவே வாசலில் கேட்க வேண்டிய கேள்வி "கார்டு எடுப்பீங்களா?" இல்லை. "இந்தப் பிள்ளைக்கு, இந்த ஆபரேஷனுக்கு, கார்டுல பண்ணுவீங்களா?" என்பதுதான். டாக்டரிடம் கேட்காதீர்கள், அவருக்குத் தெரியாமலிருக்கலாம். திட்டத்துக்கென்று தனியாக ஒரு மேசை இருக்கும், அங்கே கேளுங்கள். வீட்டிலிருந்தே கேட்பதென்றால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

அடுத்து சிகிச்சை. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று சீட்டுப்போட்டுப் பார்த்துவிட்டு வரும் வைத்தியத்துக்கு இந்த அட்டை இல்லை. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு மருத்துவமனையும் இருக்கின்றன, அங்கே அட்டையே கேட்கமாட்டார்கள். அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்த்துச் செய்யும் பெரிய சிகிச்சைகளுக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் பட்டியலில் இருக்கின்றன. பிள்ளைகளைப் பொறுத்தவரை இதயக் குறைபாடுகள், புற்றுநோய், சிறுநீரகக் கோளாறுகள், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை எல்லாம் அதில் வரும். பிறவியிலேயே வந்த நோய் என்றாலும், அட்டை எடுப்பதற்கு முன்பே இருந்த நோய் என்றாலும் பரவாயில்லை. தனியார் பாலிசிகளில் இருப்பதுபோல் இரண்டு வருடம் காத்திரு, மூன்று வருடம் காத்திரு என்பது இங்கே கிடையாது, இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

இலைக்கு இவ்வளவு

கல்யாணத்துக்குச் சமையல்காரரிடம் பேசும்போது உப்புக்குத் தனி, ஊறுகாய்க்குத் தனி என்று பேசுவதில்லை. இலைக்கு இவ்வளவு என்று பேசிவிடுகிறோம். இரண்டாவது தடவை சாம்பார் கேட்டால் பில் போடமாட்டார். திட்டமும் மருத்துவமனையோடு இப்படித்தான் பேசிவைத்திருக்கிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு மொத்தத் தொகை, அதற்குப் பேக்கேஜ் என்று பெயர். படுக்கை, டாக்டர், மருந்து, பரிசோதனை, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம்.

அதனால் "மருந்து மட்டும் வெளியே வாங்கிட்டு வாங்க", "கார்டுல வர்றது போக மீதி டிஃபரன்ஸ் கட்டணும்" என்று யாராவது சொன்னால் அது சமையல்காரர் பந்தி நடுவில் வந்து பாயசத்துக்குத் தனிக் காசு கேட்பது மாதிரி. என் சித்தி மகளிடம் ஒரு மருத்துவமனையில் அப்படித்தான் பன்னிரண்டாயிரம் கேட்டார்கள். ரசீது கொடுங்கள் கட்டுகிறோம் என்றதும் பேச்சு மாறிவிட்டது. எல்லா இடத்திலும் மாறும் என்று சொல்லமாட்டேன், ஆனால் ரசீது என்ற சொல்லுக்கு நல்ல மரியாதை உண்டு.

இன்னும் ஒரு படி இருக்கிறது, அதுதான் பெற்றோரை அதிகம் பதறவைப்பது. இலைக்கு இவ்வளவு என்று பேசியிருந்தாலும் எத்தனை இலை என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் இல்லையா? அதுபோல் மருத்துவமனை உங்கள் பிள்ளையின் ஸ்கேன், ரிப்போர்ட், டாக்டரின் குறிப்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, இந்த ஆபரேஷனைச் செய்யப்போகிறோம், சரியா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கும். அங்கே டாக்டர்கள் பார்த்துச் சரி என்பார்கள், அல்லது இன்னொரு டெஸ்ட் கேட்பார்கள். இதற்கு முன் அனுமதி என்று பெயர், வார்டில் எல்லோரும் "அப்ரூவல்" என்பார்கள். "அப்ரூவல் இன்னும் வரல" என்று நர்ஸ் சொன்னால் மறுத்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் ஏதோ ஒரு காகிதம் குறைகிறது. எந்தக் காகிதம் என்று திட்ட மேசையில் கேளுங்கள். உண்மையான அவசரம் என்றால் சிகிச்சையை முதலில் தொடங்கிவிட்டு அனுமதியைப் பிறகு வாங்க வழி உண்டு.

அரசு மருத்துவமனைக்குப் போனால் எப்படியும் இலவசம்தானே, கார்டு எதற்கு என்று கேட்பார்கள். இலவசம்தான். ஆனால் அட்டையைக் காட்டினால் அந்த பேக்கேஜ் தொகை அந்த அரசு மருத்துவமனைக்கே வருகிறது. கருவி வாங்க, விலையுயர்ந்த மருந்து வாங்க அது உதவும். உங்களுக்குச் செலவு ஒன்றுமில்லை, பின்னே ஏன் காட்டாமல் இருக்க வேண்டும்.

நான்கு காகிதங்கள், நான்கு ஜன்னல்கள்

இப்போது என் கடை விஷயத்துக்கு வருகிறேன், நான் நன்றாகத் தெரிந்து பேசக்கூடிய பகுதி இதுதான்.

மூன்று சொற்களைப் பிரித்துவைத்துக்கொள்ளுங்கள். தகுதி: உங்கள் வருமானம் வரம்புக்குள் இருப்பது. பதிவு: உங்கள் பெயரும் பிள்ளையின் பெயரும் கம்ப்யூட்டரில் ஏறியிருப்பது. பயன்பாடு: மருத்துவமனையில் அது செல்லுபடியாவது. நம் ஜனங்கள் முதலாவது இருந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நடுவில் இருப்பதில்தான் பிள்ளைகள் விழுந்துவிடுகிறார்கள். அட்டை எடுத்தபோது ஒரு பிள்ளை, இப்போது மூன்று பிள்ளை, அட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

பிள்ளையின் பெயர் அட்டைக்கு வரும் வழி ஒரு சங்கிலி. முதல் கண்ணி பிறப்புச் சான்றிதழ். பிறந்து 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை, ஆஸ்பத்திரியில் பிறந்தால் பெரும்பாலும் அவர்களே பதிந்துவிடுவார்கள். ஆனால் பெயர் வைக்கும் முன்பே பதிவாகிவிடுவதால் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். நம் வீடுகளில் பெயர் வைப்பதற்கே நாள் பார்க்க வேண்டும், நட்சத்திரம் பார்க்க வேண்டும், தாத்தா பெயரா மாமனார் பெயரா என்று சண்டை முடிய வேண்டும், அதற்குள் அந்தச் சான்றிதழ் பீரோவுக்குள் போய்விடுகிறது. ஓராண்டுக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை, அதற்குப் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பெயர் இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு அடுத்த ஜன்னலில் நின்றால் வேலை நடக்காது.

அடுத்தது ஆதார். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கைரேகை, கண் எதுவும் எடுக்கமாட்டார்கள், பெற்றோரில் ஒருவரின் ஆதாரோடு இணைத்து நீல நிற அட்டை தருவார்கள். ஐந்து வயதில் ஒருமுறை, பதினைந்தில் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இங்கே எழுத்துப்பிழை பாருங்கள், தயவுசெய்து பாருங்கள். பிறப்புச் சான்றில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து என்று வந்த பிள்ளைகளுக்காக நான் எழுதிக்கொடுத்த மனுக்களை அடுக்கினால் என் கடை மேசை உயரம் வரும்.

மூன்றாவது ரேஷன் கார்டு. இ-சேவை மையத்திலோ உணவுப் பொருள் வழங்கல் துறையின் இணையதளத்திலோ உறுப்பினர் சேர்க்க விண்ணப்பிக்கலாம். அக்கா வீட்டுக் கதை இங்கேதான் சிக்கியது. மகளுக்குக் கல்யாணம் ஆகி நாலு வருடம், ஆனால் அவள் பெயர் இன்னும் அம்மாவின் கார்டில். மாப்பிள்ளை பெயர் அவர் அப்பாவின் கார்டில். பேரன் இரண்டிலும் இல்லை, அரசாங்கக் கணக்கில் அந்தப் பையன் எந்த வீட்டிலும் குடியில்லை. "சக்கரை குறைஞ்சிடுமேன்னு பேரை எடுக்கல தம்பி" என்றார் அக்கா. சர்க்கரை எவ்வளவு என்று கணக்குப் போட்டோம், மாதம் அரை கிலோ.

அவர்களுக்குச் செய்ய வேண்டியிருந்தது: மகள் பெயரை இந்தக் கார்டிலிருந்து நீக்கி, மாப்பிள்ளை பெயரை அந்தக் கார்டிலிருந்து நீக்கி, இருவருக்கும் பிள்ளைக்கும் சேர்த்துப் புதுக் கார்டு. நாலாவது ஜன்னல்தான் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையம். அங்கே ரேஷன் கார்டு, குடும்பத்தார் ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடமோ வருவாய்த் துறையிலோ வாங்கிய வருமானச் சான்று. ஒரிஜினல் கொண்டுபோங்கள், ஜெராக்ஸும் கொண்டுபோங்கள் (என் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை). குடும்பத்தோடு போனால் இரண்டாவது முறை அலைய வேண்டியதில்லை. பதிவுக்குக் கட்டணம் கிடையாது, இருநூறு கொடுத்தால் சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று வாசலில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் அவர்களுக்கு இரண்டரை மாதம் ஆனது. அந்த இரண்டரை மாதமும் பையனைச் சும்மா வீட்டில் வைத்திருக்கவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள், எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், எல்லாம் அட்டை இல்லாமலேதான். அட்டையில் பெயர் இல்லை என்பது பிள்ளையை வைத்தியத்துக்குக் கூட்டிப்போகாமல் இருக்கக் காரணமே இல்லை.

சுருக்கமாக: பெயரோடு பிறப்புச் சான்று, அதே எழுத்தில் ஆதார், அப்பா அம்மாவோடு ஒரே ரேஷன் கார்டு, அப்புறம் காப்பீட்டு மையம். வியாதி வந்த பிறகு இந்த வரிசையில் நிற்பது கொடுமை, பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வரும் டாக்டர்

காப்பீடு என்றதும் அட்டையை மட்டும் நினைக்கிறோம். பிள்ளைகளுக்கு அட்டைக்கு முன்னால் ஒரு கதவு இருக்கிறது, அதற்கு வருமான வரம்பும் இல்லை. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற தேசியத் திட்டம், ஆர்பிஎஸ்கே என்பார்கள். இதன்படி ஒரு மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வர வேண்டும். பிறந்ததிலிருந்து 18 வயது வரை. பிறவிக் குறைபாடு, சத்துக் குறைவு, சில நோய்கள், வளர்ச்சித் தாமதம் என்று நாலு வகையில் பார்ப்பார்கள். உதட்டுப் பிளவு, வளைபாதம், இதயக் கோளாறு, கண், காது எல்லாம் இதில் அடங்கும்.

எதையாவது கண்டால் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டுதான் முக்கியம், அதுதான் தொலைந்துபோகிறது. என் கடைக்கு ஒரு அம்மா மகளின் ஆதாரை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். பையில் தேடியபோது ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதம் விழுந்தது. எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. பார்வைக் குறைபாடு, மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பவும் என்று எழுதியிருந்தது. "இது என்ன பாப்பா?" என்று அம்மா கேட்டதற்கு, "அது அன்னைக்கு டாக்டர் மிஸ் குடுத்தாங்க" என்றது பிள்ளை. எட்டு மாதமும் அந்தப் பெண் போர்டைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள், காப்பி அடிக்கிறாள் என்று அடியும் வாங்கியிருக்கிறாள்.

அந்தச் சீட்டோடு போக வேண்டிய இடம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம், டிஇஐசி என்று சொன்னால் தெரியும். பெயர்தான் நீளம், விஷயம் எளிது: குழந்தை மருத்துவர், கண், காது, பேச்சு, நடை என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்து, சின்ன வயதிலேயே சரிசெய்யப் பார்க்கும் மையம். அறுவை தேவை என்றால் அங்கிருந்துதான் அட்டையின் வேலை ஆரம்பிக்கும்.

"அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினாரு"

காது விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இரண்டு வயதாகியும் பிள்ளை பேசவில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் வரும் வசனம் மேலே உள்ளதுதான். சிலருக்கு உண்மையாகவும் இருக்கும். ஆனால் காது கேட்காததால் பேசாத பிள்ளை என்றால் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். பேச்சைக் கற்றுக்கொள்ள மூளைக்குக் காதுவழி சத்தம் போக வேண்டும், முதல் சில வருடங்களில் போகாவிட்டால் பிறகு சத்தம் கேட்டாலும் அதைச் சொல்லாகப் பிரித்தெடுக்க மூளைக்குப் பழக்கம் வராது.

காக்ளியர் இம்ப்ளாண்ட் என்ற கருவியைக் காதுக்குள் பொருத்தும் அறுவைக்குப் பல லட்சம் ஆகும். அதுவும் இந்தக் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு. இந்த ஆறு வயது வரம்பு யாரோ பேனா எடுத்துச் சும்மா போட்டதில்லை, மேலே சொன்ன காரணம்தான். அதிலும் சீக்கிரம் செய்வது நல்லது. அறுவை முடிந்ததும் பிள்ளை பேசிவிடாது, பேச்சுப் பயிற்சிக்கு விடாமல் கூட்டிப்போக வேண்டும், வீட்டிலும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நாலு வயதில் ரேஷன் கார்டு அலைச்சலைத் தொடங்கும் குடும்பத்துக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று நீங்களே பாருங்கள்.

பணம் கேட்டால்

சண்டை போடாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். யார், எந்தத் தேதி, எவ்வளவு, எதற்கு. மேலே சொன்ன 1800 425 3993 எண்ணில் புகார் கொடுக்கலாம். மாவட்டத்தில் இந்தத் திட்டத்தைக் கண்காணிக்கவும் குறைகளைக் கேட்கவும் கலெக்டர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது, திங்கட்கிழமை மனுநாளில் மனுவாகவும் கொடுக்கலாம். மறுத்தால் எதற்காக மறுத்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள். வருமானம் வரம்பைத் தாண்டியதாலா, பெயர் இல்லாததாலா, சிகிச்சை பட்டியலில் இல்லாததாலா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

அக்காவின் பேரனுக்குப் புது அட்டை வந்த மூன்றாவது வாரம் அரசு மருத்துவமனையிலேயே அறுவை நடந்தது. இப்போது தெருவில் சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு ஓடுகிறான். போன வாரம் அக்கா மறுபடி போன் செய்தார்.

"தம்பி, இவனை நாய் கடிச்சிருச்சு. கார்டு செல்லுமா?"

"கார்டு வேண்டாம்க்கா. சோப்புப் போட்டுத் தண்ணியில கால் மணி நேரம் நல்லாக் கழுவுங்க, இப்பவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிட்டுப் போங்க. ஊசி அங்கே சும்மாவே போடுவாங்க. எத்தனை தேதியில வரச் சொல்றாங்களோ அத்தனையிலயும் போயிடுங்க."

"அந்தச் சீட்டைத் தொலைச்சிடக் கூடாது, அதானே?" என்று சொல்லிவிட்டு அவரே போனை வைத்தார்.